டிஎல்டி மாத்திரை: தூக்கம் கெட்டால் முதலில் நேரத்தைப் பாருங்கள்

எச்.ஐ.வி.க்கு ஏஆர்டி மையங்களில் (அரசின் எச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள்) தரும் டிஎல்டியில் ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. வைரஸை அடக்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூக்க விஷயத்திலும் முன்பு தந்த டிஎல்இ மாத்திரையைவிட (டோலுடெக்ராவிருக்குப் பதில் எஃபாவிரென்ஸ் இருந்தது) எவ்வளவோ மேல். ஆனாலும் சிலருக்கு ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது; அப்புறம் விடியும்வரை புரண்டு புரண்டு படுப்பதுதான். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்பது.

அந்த எஃபாவிரென்ஸ் தலைசுற்ற வைக்கும், கெட்ட கனவு வரவழைக்கும். எண்ணெய்ப் பண்டத்தோடு போட்டால் ரத்தத்தில் அளவு கூடி இன்னும் படுத்தும். அதனால்தான் வெறும் வயிற்றில், படுக்கும் நேரத்தில் போடச் சொன்னார்கள். பழகிய அந்த நேரத்தையே புது மாத்திரைக்கும் வைத்துக்கொள்வது தவறில்லை. ஆனால் டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கலைக்கும். அவர்கள் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம்.

மையத்தில் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ராத்திரி 9 மணிக்கு ஒன்று, மறுநாள் காலை 8 மணிக்கு அடுத்தது, அதன்பின் தினமும் காலை 8. ஒரு ராத்திரியை விட்டுவிட்டுக் காலைக்குக் காத்திருந்தால் இடைவெளி 35 மணி நேரமாகிவிடும், அது கூடாது. டப்பாவும் முன்னதாகத் தீரும். அதையும் சொல்லி வையுங்கள்.

காலைக்கு மாற்றியதும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் குறுக்கே வரும். டோலுடெக்ராவிர் அவற்றோடு ஒட்டிக்கொண்டால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. இட்லி, தோசை சாப்பிடும்போது சேர்த்துப் போட்டால் பாதகமில்லை. வெறும் வயிறென்றால் டிஎல்டி போட்டு 2 மணி நேரம் கழித்தே அவை. அலுமினியம், மக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துக்குச் சாப்பிட்டிருந்தாலும் இந்த இடைவெளி வேண்டும். அதை முதலில் குடித்துவிட்டால் டிஎல்டிக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டிஎல்டி போட்டு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக இன்னொன்று தருவார்கள். காலை 7, மாலை 7 என்று வைத்தால் படுக்கும் நேரத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும்.

டிஎல்இயிலிருந்து இப்போதுதான் மாறியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எஃபாவிரென்ஸ் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். முதல் வாரக் கனவுக்குப் புது மாத்திரையைக் குறை சொல்ல முடியாது.

நேரம் மாற்றியும் சில வாரங்களாகத் தூக்கமில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. உயிரை விட்டுவிடலாம் போலத் தோன்றினால் அன்றைக்கே போங்கள். எந்த நிலையிலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.