ஊர் மெடிக்கலில் கிடைக்கும் ‘கேஸ் மாத்திரை’: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஊரில் காய்ச்சலோ மூட்டுவலியோ, எதற்குப் போனாலும் மருந்துச் சீட்டில் ஒரு கேஸ் மாத்திரை இருக்கும். பெரும்பாலும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மி.கி. சீட்டில்லாமல் கேட்டாலும் பல மெடிக்கல்களில் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கடைகளில் விற்கும் அதே வகை மருந்தான ஒமிப்ரசோல் 20 மி.கி. டப்பியிலோ, 14 நாளோடு நிறுத்தவும், அடுத்த சுற்றுக்கு 4 மாதம் பொறுக்கவும் என்று அச்சிட்டிருக்கும். இங்கே எத்தனை நாள் என்பதை நாமேதான் கேட்க வேண்டும்.

பெயரின் கடைசியில் ‘டி’ இருந்தால் பெரும்பாலும் டோம்பெரிடோன் 30 மி.கி. சேர்ந்திருக்கும். அது அமிலத்தைக் குறைக்காது, குமட்டலுக்கான மருந்து. இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடும் என்பதால் ஐரோப்பா 2014-இல் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை. அறுபதைத் தாண்டியவர்களும் இதய நோயாளிகளும் தனி பான்டோபிரசோல் போதுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையை வெட்டி நாலு மாத்திரையைக் கவரில் போட்டுத் தந்தால் காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிடும். வெட்டுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக் பெயரை (பிராண்ட் பெயரை அல்ல, மருந்தின் பெயரை) சொல்லிக் கேட்டால் விலை குறையும்.

பான்டோபிரசோலைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, முழுதாக விழுங்க வேண்டும். சாப்பிடும்போதுதான் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலையைத் தொடங்கும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்கும். விருந்து முடிந்து எரிச்சல் வந்தபின் போட்டால் உடனே கேட்காது. அதற்கு ஜெலுசில், டைஜீன் போன்றவை சரி; தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஈனோவில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

வீட்டுப் பெரியவர்கள் பான்டோபிரசோலை வருடக்கணக்கில் போடுவதுதான் உண்மையான கவலை. கூடவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுத்தால் இரண்டுமே வைட்டமின் பி12-ஐக் குறைக்கும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் மேல் போட்டுவிட்டு யாரும் பி12 பார்ப்பதில்லை. ஊரில் இருக்கும்போதே அந்த ரத்தப் பரிசோதனையையும், நெடுநாள் போட்டால் குறையக்கூடிய மெக்னீசியத்தையும் பார்த்துவிடுங்கள். ஆனால் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுக்கும் முதியவருக்கு இது வயிற்றைக் காக்கும் மருந்து. நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மூன்று நாள் பாராசிட்டமாலுக்குத் துணையாகத்தான் இது தேவையில்லை.

தேவையில்லை என்று டாக்டர் சொன்னாலும், நெடுநாள் போட்டதைச் சட்டென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் எரியும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பிப்பவர்கள் உண்டு. 40-ஐ 20 ஆக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறக்குவது நல்லது.

அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான ரானிடிடின் அமெரிக்காவில் 2020-இல் திரும்பப் பெறப்பட்டது, இங்கே இன்னும் கிடைக்கிறது. அதற்குப் பதில் ஃபமோடிடின் கேட்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

மலம் தார்போல் கறுத்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ மாத்திரையை நம்பி நாள் கடத்தாதீர்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்துக் கை வலித்தால் கேஸ் என்று சோடா குடிக்க வைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.