380 வெள்ளி (ரிங்கிட்) போச்சு! பினாங்குக்குப் படிக்க வந்திருக்கிற பிள்ளைங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க

நேத்து நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கல. புதுசா வர்றவங்களுக்கு எங்க போகலாம், என்ன சாப்பிடலாம்னு முழுசா ஒரு பதிவு எழுதத்தான் நினைச்சிருந்தேன். இப்போ இதை எழுத வேண்டியதாப் போச்சு.

எங்க ரூம்ல நாலு பேர். குளுகோர் பக்கம் படிக்க வந்து மூணு வாரம்தான் ஆகுது. புது மாணவர் குழு ஒண்ணுல விளம்பரம் வந்துச்சு. கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில், கெக் லோக் சி புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில், ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சுவரோவியம், மதியம் வாழையிலைச் சாப்பாடு, சாயந்தரம் செண்டோல்ங்கிற ஐஸ் இனிப்பு, எல்லாம் வேனோட சேர்த்து ஆளுக்கு 95 வெள்ளி. நாலு பேருக்கு 380 வெள்ளி.

நான்தான் விளம்பரம் போட்டவனுக்குப் போன் பண்ணேன். "எந்த ஊரும்மா தங்கச்சி?"ன்னு கேட்டான். தைப்பிங்னு சொன்னேன். "அட, எங்கம்மா பொறந்த ஊராச்சே! பயப்படாதம்மா, அண்ணன் பாத்துக்குறேன்." அந்த அண்ணன்ங்கிற வார்த்தையிலதான் விழுந்தேன். வீட்டை விட்டு வந்த புதுசுல யாராவது தமிழ்ல அக்கறையா பேசினா மனசு இளகிடுது. கியூஆர் படம் அனுப்பினான். ஸ்கேன் பண்ணதும் வேற யாரோ பேரு வந்துச்சு. பார்த்தேன். பார்த்தும் அழுத்தினேன். என் கணக்குல இருந்து 380 வெள்ளியும் மொத்தமா போச்சு. அம்மா கூட்டு (சீட்டு) எடுத்துக் கொடுத்த காசு அது.

எட்டு மணிக்கு வரவேண்டிய வேன் பத்து இருபதுக்கு வந்துச்சு. ஓட்டினது வேற ஆளு, எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாது" தான். தண்ணீர்மலையில உச்சி வெயில்ல 513 படி ஏறி இறங்கினோம். சாமி தரிசனத்துல ஒரு குறையும் இல்ல. ஆர்மேனியன் ஸ்ட்ரீட்ல கால் மணி நேரம். இந்த ரெண்டு இடத்துக்கும் கட்டணமே கிடையாது! அப்புறம் லிட்டில் இந்தியாவுல ஒரு கடையில இறக்கிவிட்டு, சாப்பிட்டு வாங்கன்னான். இலையை மடிச்சதும் கடைக்கார ஆன்ட்டி பில்லோட வந்தாங்க. "யாரும் காசு கட்டலையேம்மா." 74 வெள்ளி. என் ரூம்மேட் தலை நிமிராம ஒரு வெள்ளி நோட்டா எண்ணி வச்சா. வெளிய வந்து பார்த்தா வேனைக் காணோம். கொடிமலையும் இல்ல, கெக் லோக் சியும் இல்ல, செண்டோலும் இல்ல.

மதியம் அந்த 'அண்ணனை'க் கூப்பிட்டா, "டிரைவருக்கு அவசரம்மா, நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்." ராத்திரி, "பாஸ்கிட்ட கேட்டுச் சொல்றேன்." இன்னைக்குக் காலையில, "பேக்கேஜ் முடிஞ்சிருச்சு, ரீபண்ட் கிடையாதுன்னு விளம்பரத்துலயே போட்டிருக்கே." போடல, என்கிட்ட படம் இருக்கு. அதை அனுப்பினதும் என்னை பிளாக் பண்ணிட்டான். தோழி போன்ல கூப்பிட்டா, "நீங்க யாருன்னே தெரியல"ங்கிறான். காசை வாங்கும்போது தங்கச்சி! மத்த மூணு பேரும் அவங்க பங்கைத் தர்றேங்கிறாங்க. கூட்டிட்டுப் போனது நான், எப்படி வாங்குறது?

சொல்ல நினைச்சதுல இவ்வளவுதான் இப்போ முடியுது. ஜார்ஜ்டவுனுக்குள்ள சுத்த கேட் (CAT) பஸ் இலவசம். கொடிமலைக்கு ஜெட்டி பஸ் நிலையத்துல 204ஆம் நம்பர் பஸ் ஏறுங்க, மைகாட் (மலேசிய அடையாள அட்டை) காட்டினா ரயில் கட்டணம் குறைவு. தாவரவியல் பூங்காவுக்கும் காசு வேணாம். பணம் போடுறதுக்கு முன்னாடி கணக்கு நம்பரை மோசடிக் கணக்கான்னு காட்டுற போலீஸோட செமாக் மியூல் (Semak Mule) தளத்துல தட்டிப் பாருங்க. ஏமாந்துட்டா உடனே மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிங்க, என்னை மாதிரி "நாளைக்கு"ன்னு சொன்னதை நம்பி ஒரு ராத்திரியை விட்டுடாதீங்க. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல மனு போட 5 வெள்ளிதான், நான் போடப் போறேன்.

அதே விளம்பரம் இன்னைக்கு மறுபடியும் குழுவுல வந்திருக்கு. சனிக்கிழமை அடுத்த வேனாம். அதுக்குள்ள உங்க ஜூனியர் பிள்ளைங்களுக்கு இதை அனுப்பிடுங்க.