துருப்பிடித்த பழைய ஃபியட்: அப்படியே விற்பதா, பெயிண்ட் அடித்து விற்பதா?

மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மாட்டுக்கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் நடுவே ஒரு கார் ஷெட் இருக்கும். உள்ளே தார்ப்பாய் போர்த்திய அம்பாசடரோ ஃபியட்டோ நிற்கும். பாகம் பிரிக்கும் பேச்சு வரும்போதுதான் வீட்டில் எல்லாருக்கும் அதன் ஞாபகம் வரும். பெரியப்பாவின் 1970 மாடல் ஃபியட் 1100 டிலைட்டை விற்க வேண்டி வந்தபோது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. எடைக்குப் போட்டுவிட்டு இடத்தைக் காலி பண்ணலாம் என்றார் சித்தப்பா. கும்பகோணத்தில் டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று காட்டினால் நல்ல விலை வரும் என்றான் அத்தை மகன். துருவோடு உள்ளது உள்ளபடி விற்கலாம் என்றேன் நான். கடைசியில் அப்படித்தான் விற்றோம். இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

எடைக்குப் போடுவதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஃபியட் ஒன்று சுமார் 900 கிலோ. அதில் கண்ணாடி, சீட், ரப்பர் எல்லாம் கழிந்து மிஞ்சும் இரும்பைப் பேச்சுக்குக் கிலோ 30 ரூபாய் என்று போட்டாலும் 25,000 தாண்டுவது கஷ்டம். முன் கிரில், குரோம் பம்பர், மீட்டர், விளக்கு வளையங்கள், கியர் ராடோடு கூடிய ஸ்டீயரிங் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கழற்றி விற்றாலே இதைவிடக் கூட வரும். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் அடிமட்ட விலை, யார் எவ்வளவு அடித்துப் பேசினாலும் இதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை.

முழுசாக ரீஸ்டோர் செய்து, அதாவது பிரித்துப் போட்டுப் புதுசு போலாக்கி விற்பது அடுத்த வழி. நானே செய்து விற்றதில்லை. தஞ்சாவூரில் நண்பர் ஒருவர் தன் அம்பாசடருக்குச் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த அளவில் சொல்கிறேன். வண்டியைப் பிரிக்கும் வரை ஒரு எஸ்டிமேட், பிரித்த பிறகு வேறு எஸ்டிமேட். கதவு ரப்பரில் ஆரம்பித்து வயரிங், பிரேக் சிலிண்டர், சீட் துணி என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று நிற்கும். அவர் வைத்து ஓட்டுவதற்காகச் செய்தார், அதனால் மனசு நிறைந்தது. விற்பதற்கென்று செய்தால் போட்ட பணம் திரும்புவது சந்தேகம்தான். நமக்குப் பிடித்த கலரும் சீட்டும் வாங்குகிறவருக்குப் பிடிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஆக, உண்மையான போட்டி லேசாகப் பெயிண்ட் அடித்து விற்பதற்கும் அப்படியே விற்பதற்கும்தான். இதைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: அடித்தகடு.

ஃபியட்டுக்குக் கீழே தாங்கும் தனி இரும்புச் சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது. அடித்தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, கதவுத் தூண் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. அம்பாசடரும் இந்த வகைதான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் வேறு. அதற்குக் கீழே தனி சேசிஸ் உண்டு, மேல்கூட்டை போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிவிடலாம். அதனால் ஹெரால்டில் அடித்தகடு போனாலும் தகடு மாற்றும் வேலையோடு முடிந்துவிடும், சேசிஸ் கெட்டியாக இருந்தால் சரி. ஃபியட்டில் அடி போனால் வண்டியே போன மாதிரி. பானெட்டில் எவ்வளவு துரு இருந்தாலும் அது வேறு ஒரு பானெட்டின் விலைதான். கதவுக்கீழ்ப் பெட்டி உளுத்திருந்தால் வெட்டி, அளவு பிசகாமல் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதைச் சரியாகச் செய்யும் ஆட்கள் குறைவு, கூலி அதிகம்.

நம் டெல்டாவில் துரு கீழிருந்துதான் ஏறும். ஷெட் பெரும்பாலும் மண்தரை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தரை ஊறி, அந்த ஈரம் தார்ப்பாய்க்குள்ளேயே அடைந்து கிடக்கும். காற்று படட்டும் என்று யாரும் தார்ப்பாயை விலக்குவதில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போன ஷெட்கள் எத்தனையோ. எங்களுடையதிலும் ஓடு பறந்து, அந்த மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் காருக்குள்ளேயே இறங்கியது. முன்கண்ணாடி ரப்பர் வெடித்த கார்களிலும் இதே கதைதான்: தண்ணீர் கால்வைக்கும் ரப்பர் மேட்டுக்கு அடியில் தேங்கும், மேலே பெயிண்ட் நன்றாகவே இருக்கும், கீழே தகடு அப்பளமாகியிருக்கும்.

வாங்க வந்தவர் திருச்சிக்காரர், பழைய ஃபியட்களாகவே வாங்கிச் செய்கிறவர். பானெட்டைத் தொடவே இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, மேட்டைச் சுருட்டித் தூக்கி வைத்தார். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். பெடலுக்குக் கீழே 'டங் டங்' என்றிருந்தது, பின்சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் 'பொத்' என்றது. அங்கே முனையை வைத்து அழுத்தினார், உள்ளே இறங்கியது. பிறகு துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிவிளிம்பு முழுக்க ஓட்டிப் பார்த்தார். தகடு இருந்தால் இழுக்கும், ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டி அப்பியிருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியாக ஒரு பக்கம் ஜாக்கி போட்டுச் சற்றே தூக்கி, கதவை மூடித் திறந்து பார்த்தார். கதவு இடிக்காமல் மூடியது. "முதுகு நிக்குதுங்க. பின்னாடி ஃப்ளோர் மட்டும் புதுசா போடணும்" என்றார். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சே ஆரம்பித்தது.

இந்த ஜாக்கிச் சோதனையை நீங்களே முன்கூட்டிச் செய்து பார்க்கலாம். தூக்கியதும் கதவு இடித்தாலோ இடைவெளி மாறினாலோ பெட்டித் தகடு தாங்கவில்லை என்று அர்த்தம். ஜாக்கிக்கு அடியில் கட்டை வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். உளுத்த வண்டியில் ஜாக்கி தகட்டைக் குத்திக்கொண்டே மேலே போய்விடும்.

இப்போது பெயிண்ட் அடித்த அதே காரை யோசித்துப் பாருங்கள். துருவின் மேல் பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு பூசி, புது நீலம் அடித்திருப்போம். திருச்சிக்காரரின் காந்தம் வழுக்கியிருக்கும். ஒரு இடத்தில் வழுக்கினால் போதும், மற்ற இடமெல்லாம் சந்தேகம். எது கெட்டித் தகடு, எது பட்டி என்று தெரியாதபோது எல்லாமே பட்டி என்றுதான் அவர் விலை போடுவார், அதில் தப்பும் இல்லை. வாங்கியதும் அந்தப் பெயிண்டைச் சுரண்டி எடுக்கும் செலவு வேறு அவருக்கு. ஆக நாம் போட்ட பணம் விலையைக் குறைக்கவே உதவும். விவரம் தெரியாத ஒருவர் பளபளப்பைப் பார்த்துக் கூடக் கொடுப்பார், உண்மைதான். அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும்போது அவர் நம் வாசலுக்குத்தான் வருவார்.

அப்படியே விற்பது என்றால் கோழி எச்சத்தோடு விற்பது என்று அர்த்தமில்லை. தண்ணீர் பீய்ச்சாமல் தூசு தட்டுங்கள், எலிக்கூட்டை எடுங்கள், டிக்கியிலும் பரணிலும் கிடக்கும் கழற்றிப்போட்ட சாமான்களை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். துரு உள்ள இடங்களை மறைக்காமல் கிட்டத்தில் படம் எடுங்கள். நின்றுபோன எஞ்சினை பேட்டரி வைத்து வலுக்கட்டாயமாகச் சுற்றாதீர்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஊறவிட்டுக் கையால் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் 'எஞ்சின் ஜாம் ஆகலை' என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

விலை நிர்ணயம் எளிது. நல்ல நிலையில் ஓடுகிற அதே மாடல் என்ன விலைக்குக் கை மாறுகிறது என்று விசாரியுங்கள்; விளம்பரத்தில் கேட்கும் விலை கணக்கில்லை. அதிலிருந்து அடித்தகடு, எஞ்சின், பெயிண்ட் வேலைக்கான செலவைக் கழியுங்கள். பிரித்தபின் கூடும் செலவுக்கும் வாங்குகிறவர் உழைப்புக்கும் இன்னொரு பங்கு கழியுங்கள். பேச்சுக்கு, ஓடும் வண்டி 3,50,000, வேலை 2,00,000, கூடும் செலவுக்கு 50,000 என்றால் நீங்கள் 1,00,000 கேட்கலாம். மிச்சம் எடைக் கணக்கைவிடக் கீழே போனால், அடி முழுக்க உளுத்த வண்டி அது. அப்போது மட்டும் சித்தப்பா சொன்ன வழி சரி.

பேப்பரும் விலைதான். ஆர்.சி. புக் இல்லாத வண்டியை உதிரிச் சாமானாகத்தான் மதிப்பார்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து ஒரு வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதத்தை விலை பேசுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் குத்திய தகட்டில் துருவைச் சுரண்டாமல் எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்து, தாள் வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எண் தெளிவாக விழுந்தால் பாதிக் கவலை விட்டது. இடையில் டீசல் எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு உண்டு: கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான், தினசரி ஓட்ட முடியாது. மேல்கூடும் எஞ்சினும் பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வாங்குகிறவர் இந்த வழியில் போக நினைத்தால் நாம் கை வைக்காத வண்டிதான் அவருக்கு வேண்டும். சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க, 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி கட்டணம் 10,000, காலாவதியான மாதங்களுக்கு அபராதம் தனி. அதை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. எந்த வழி என்பதை அவரே முடிவு செய்யட்டும், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

பணம் கைக்கு வந்த அன்றே படிவம் 29-ல் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து, விற்றவர் என்ற முறையில் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியப்படுத்திவிடுங்கள். ரீஸ்டோர் ஆகி ரோட்டுக்கு வர வருஷக்கணக்கில் ஆகும், அதுவரை புத்தகம் உங்கள் பெயரிலேயே இருக்கக் கூடாது.