குரோட்டன், கார்டிலைன், அகாலிபா: எந்த இடத்துக்கு எது?

உதிர்ந்த பூவைத் தினமும் பெருக்க நேரமில்லை, ஆனால் வாசலில் வருடம் முழுக்க நிறம் வேண்டும். இப்படிச் சொல்லிக்கொண்டு நர்சரிக்குள் நுழைந்தால் பெரும்பாலும் மூன்று செடிகளைத்தான் காட்டுவார்கள்: குரோட்டன், கார்டிலைன், அகாலிபா. மூன்றுமே தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் பக்கத்துச் சொந்தம். மூன்றும் வருடம் முழுக்க இலையோடு நிற்கும். சிவப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு என்று நிறத்தில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. நர்சரியின் பச்சை நிழல்வலைக்குக் கீழே நிற்கும்போது மூன்றும் ஒரே மாதிரி செழிப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு கோடை கழிந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

அதனால் ரகத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்ப்பது நல்லது. செடி வைக்கப்போகும் இடத்தில் மதிய வெயில் விழுகிறதா? அதற்கு என்ன தண்ணீர் ஊற்றப்போகிறீர்கள்? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கார்டிலைன் கருகுவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் குரோட்டன். பள்ளிக்கூட வாசல், ரயில் நிலையம், கல்யாண மண்டபம் என்று எங்கே பார்த்தாலும் இருப்பதால் நாம் இதை மதிப்பதில்லை. ஆனால் வெயிலில் நிற்கும் வண்ணச் செடி என்றால் என் ஓட்டு இதற்குத்தான். தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் கிடைத்தால் நிறம் ஏறும். நிழலில் வைத்தால் செத்துப் போகாது, ஆனால் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பும். நிறம் மங்கிவிட்டது என்று உரம் போடுபவர்கள் அதிகம். குறைவது வெளிச்சம்தான். தழைச்சத்தைக் கூட்டினால் பச்சை இன்னும் கூடும், அவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அகல இலையுள்ள பெட்ரா மாதிரி ரகங்களில் கொழுந்து பச்சையும் மஞ்சளுமாக வரும். இலை முதிர முதிரத்தான் ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று மாறும். அதாவது கீழே இருக்கும் வயதான இலைகள்தான் அழகு. தண்ணீர் விட மறந்து கீழ் இலைகள் கொட்டிவிட்டால் போவது வெறும் இலை இல்லை, செடியின் சிவப்பு முழுவதும். கார்டிலைன் இதற்கு நேர் எதிர். அதில் உச்சியில் விரியும் புது இலைதான் பளீரென்ற இளஞ்சிவப்பு. கீழே போகப் போக நிறம் மந்தமாகும். ஆகவே குரோட்டனை அடர்ந்த புதராக, கண்ணுக்குக் கீழே தெரியும்படி வைக்க வேண்டும். கார்டிலைனை உச்சி கண்ணில் படும் உயரத்தில் வைக்க வேண்டும். நர்சரியில் இதைச் சொல்லித் தருவதில்லை.

குரோட்டனின் கெட்ட குணம், இடம் மாற்றினால் கோபித்துக்கொள்வது. வாங்கி வந்த இரண்டே வாரத்தில் பாதி இலையைக் கொட்டிவிடும். உடனே தண்ணீரை அள்ளி ஊற்றிக் கொன்றுவிடாதீர்கள். நிழல்வலையிலிருந்து நேரே மொட்டை வெயிலுக்கு வந்த அதிர்ச்சி அது. முதலில் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் கொஞ்ச நாள் வைத்துவிட்டு அப்புறம் நகர்த்தினால் இலை உதிர்வது குறையும். உதிர்ந்தாலும் தண்டு பச்சையாக இருக்கும்வரை துளிர்க்கும். இன்னொன்று, ஒடித்தால் கசியும் சாறு. துணியில் பட்டால் பழுப்புக் கறை, துவைத்தாலும் போகாது. சிலருக்குத் தோல் அரிக்கும். ஆமணக்குக் குடும்பத்துச் செடி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கெட்டாத இடத்தில் வைக்கலாம்.

குரோட்டனில் ஒரு விளையாட்டும் உண்டு. ஒரே செடியில் திடீரென்று ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில், வேறு வடிவ இலையோடு வரும். அதைப் பதியன் போட்டு எடுத்தால் புது ரகம். கடைகளில் நாம் பார்க்கும் சுருள் இலை, நூல் இலை, மஞ்சள் பொட்டு இலை ரகங்களில் பலவும் இப்படியும், விதையிலிருந்து வந்த கலப்பிலுமாகக் கிடைத்தவை. அதே விளையாட்டில் வெறும் பச்சைக் கிளை ஒன்று வந்தால் தயங்காமல் அடியோடு வெட்டிவிடுங்கள். பச்சைக் கிளைக்கு வேகம் அதிகம், மற்றதை அமுக்கிவிடும்.

கார்டிலைனைப் பார்த்தவுடன் பிடித்துப்போகும். நீண்ட வாள் போன்ற இலை, அதில் ரோஸ் நிறக் கீற்று. வெளிநாட்டு விடுதித் தோட்டம் மாதிரி ஒரு தோற்றம் ஒற்றைத் தொட்டியிலேயே வந்துவிடும். பசிபிக் தீவு மக்கள் கடல் கடந்து குடியேறும்போது படகில் ஏற்றிக் கொண்டுபோன செடிகளில் இதுவும் ஒன்று. ஹவாயில் இதன் இலையில் உணவைச் சுற்றி வேகவைப்பார்கள், நாம் வாழை இலையைப் பயன்படுத்துவது போல. இனிப்பான கிழங்கையும் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். அங்கே பிழைப்புக்கான செடி, இங்கே அலங்காரம்.

ஆனால் இது ஈரக் காற்றில் வளர்ந்த செடி. கிழக்குப் பார்த்த வாசல், தென்னை மரத்தடி, திண்ணை ஓரம் என்று காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடத்தில் அருமையாக இருக்கும். சென்னை மாடித் தோட்டத்தில் மே மாதம் திறந்த வெயிலில் வைத்தால் இலை வெளுத்து, ஓரம் காகிதம் போலாகிவிடும். வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைத்தாலும் ரோஸ் போய்விடும். குரோட்டனுக்கும் வெளிச்சம் வேண்டும், இதற்கும் வேண்டும். ஆனால் இது கேட்பது வடிகட்டிய வெளிச்சம்.

இப்போது தண்ணீர் விஷயம். கார்டிலைன் இலையின் நுனி பழுப்பாகிக் கருகினால் முதலில் வெயிலைத்தான் திட்டுவோம். வெயிலும் வறண்ட காற்றும் காரணமாக இருக்கலாம். ஆனால் நிழலில் இருக்கும் செடியிலும் நுனி மட்டும் கருகினால் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடைச் சந்தேகிக்க வேண்டும். இலை வழியாக நீர் ஆவியாகப் போய்விடும். ஃபுளோரைடு மட்டும் நுனியில் சேர்ந்துகொண்டே இருக்கும். கார்டிலைனும் அதன் உறவான டிரசீனாவும் இதற்கு மிகவும் பலவீனமானவை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த கதை; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தப் பகுதியில் போர் தண்ணீரை ஊற்றிக் கார்டிலைன் வளர்ப்பது வீண் சண்டை.

வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்துவிட்டு ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். அப்படிப் போவது குளோரின். ஃபுளோரைடு அப்படியே இருக்கும். அதைவிட மோசம், வீட்டு ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவது. எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அடர்த்தியாக இருப்பது அந்தத் தண்ணீரில்தான். தொட்டியில் இருக்கும் கார்டிலைனுக்கு அதைத் தொடர்ந்து ஊற்றினால் சில மாதத்தில் நுனியெல்லாம் கருகிவிடும். அதில் வாசல் கழுவுங்கள். கார்டிலைனுக்கு மழைநீர் கிடைத்தால் உத்தமம். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு இருப்பதால் இந்தச் செடிக்கு அது வேண்டாம், மண்புழு உரம் போதும்.

மூன்றாவது அகாலிபா. குப்பைமேனிக்கு ஒன்றுவிட்ட உறவு; இரண்டும் ஒரே பேரினம். செம்பு நிறம், சிவப்பும் பச்சையும் கலந்தது, வெள்ளை ஓரம் வைத்தது என்று பல ரகம். இதைத் தனிச் செடியாக ரசிப்பது கஷ்டம். இலை மெல்லியது, கிளை கண்டபடி போகும், கிட்டே நின்று பார்த்தால் குரோட்டனின் பளபளப்பு இருக்காது. ஆனால் வேகம் என்றால் வேகம். மழைக்காலத்தில் ஒரு சாண் போத்தை வெட்டி ஈர மண்ணில் செருகினால் போதும். ஒரு வருடத்தில் இடுப்பு உயரம் வந்துவிடும், விட்டால் பத்து அடிகூடப் போகும். காம்பவுண்டுச் சுவர் ஓரம் மறைப்பு வேண்டும், காசு செலவழிக்க மனமில்லை என்றால் இதைவிட நல்ல செடி கிடையாது. பக்கத்து வீட்டில் நாலு கிளை கேட்டு வாங்கினால் வேலி தயார்.

விலை குறைவு என்பதற்காக வேலையும் குறைவு என்று நினைக்க வேண்டாம். கவாத்து செய்யாமல் விட்டால் அடி மொட்டையாகி, மேலே மட்டும் குடை விரித்து நிற்கும். தண்ணீர் தாகமும் இதற்குத்தான் அதிகம். கோடை மதியத்தில் முதலில் தலை தொங்குவது இதுவாகத்தான் இருக்கும். தடித்த இலையுள்ள குரோட்டன் ஊன்றி வேர் பிடித்துவிட்டால் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வருபவர்கள் தொட்டியில் அகாலிபா வைக்காமல் இருப்பது நல்லது.

பூச்சி மூன்றுக்கும் உண்டு. மாவுப்பூச்சி பொதுவான எதிரி. வறண்ட காலத்தில் குரோட்டன் இலையின் அடியில் சிலந்திப்பேன் சேரும். இலை தூசி படிந்தது போல் மங்கும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி அடங்கிவிடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். நாய், பூனை இருக்கும் வீடு என்றால் கார்டிலைனை யோசித்து வாங்குங்கள். அதன் இலையைக் கடித்தால் அவை வாந்தி எடுக்கும்.

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்த மூன்றுமே சரிப்படாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் குரோட்டன் இலையைக் கொட்ட ஆரம்பித்துவிடும். அங்கே நியூசிலாந்தைச் சேர்ந்த கார்டிலைன் ஆஸ்திராலிஸ் என்ற இனம் குளிரைத் தாங்கும். சிவப்பு இலை ரகமும் உண்டு.

என் கையில் தெற்குப் பார்த்த வெயில் வாசல் இருந்தால் தரையில் மூன்று குரோட்டன், இரண்டு அடி இடைவெளியில். மறைப்பு தேவைப்படும் பின்பக்கச் சுவருக்கு அகாலிபா. கார்டிலைன் ஒரே ஒரு தொட்டி, மழைநீர் சேமிக்கும் வசதி இருந்தால் மட்டும். அதையும் மூன்று தண்டாக வெவ்வேறு உயரத்தில் நடுவேன். தண்டு நீண்டு அடி மொட்டையானதும் உச்சியை வெட்டி அதே தொட்டியில் செருகலாம். வெட்டிய இடத்தில் புதுத் துளிர் வரும், மிச்சத் தண்டையும் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி ஈர மணலில் படுக்கவைத்தால் அதுவும் முளைக்கும். காசு கொடுத்து வாங்குவது ஒருமுறைதான்.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்ல நேரம். அக்னி நட்சத்திரத்தில் தள்ளுபடி போட்டாலும் வாங்காதீர்கள். இன்னொரு விஷயம்: ஆந்திரத்தில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வரும் செடிகள் பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டையோடு வரும். அப்படியே தொட்டியில் இறக்கினால் சுற்றியுள்ள மண் காய்ந்தாலும் உள்ளே உருண்டை சொதசொதவென்று இருக்கும், வேர் அழுகும். ஒருவேளை உருண்டை முழுக்கக் காய்ந்துவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. நடுவதற்கு முன் உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, வெளிப்பக்கக் களிமண்ணை மட்டும் வேர் அறாமல் கரைத்துவிட்டு, செம்மண், மணல், மக்கிய எரு கலந்த மண்ணில் நடுங்கள். குரோட்டனுக்கு மட்டும் கொஞ்சமாகக் கரைத்தால் போதும். அதன் வேரைத் தொந்தரவு செய்தால் மறுபடி இலை கொட்டும்.