பூச்சி உருண்டை இல்லாத ஆறு ஆண்டுகள்: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் அனுபவம்

எங்கள் வீட்டு அலுமாரியில் பூச்சி உருண்டை வைப்பதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அம்மா யாழ்ப்பாணத்தில் செய்ததைப் போலவே, சேலை அடுக்குக்கு இரண்டு, கம்பளிக்கு மூன்று, கை கழுவும் தொட்டியின் வடிகால் வாயில் ஒன்று என்று கணக்குப் பாராமல் போட்டு வந்தேன். அந்த மணம் வந்தால்தான் வீடு துப்புரவாக இருப்பதாக ஒரு நினைப்பு.

மகளுக்கு முதற்குழந்தை பிறந்தபோதுதான் அந்த நினைப்பு உடைந்தது. பச்சைப்பிள்ளையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றுவது எங்கள் குடும்ப வழக்கம். அதற்கென்று கணவரின் வேட்டிகளைக் கிழித்துத் தோய்த்து, மாதக்கணக்காக அலுமாரியில் பத்திரப்படுத்தியிருந்த துண்டுகளை வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றேன். பொதியை அவிழ்த்த தாதி ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, “அம்மா, இதைத் திருப்பிக் கொண்டு போங்கோ, பிள்ளைக்கு இந்த மணமே கூடாது” என்றார். எனக்குச் சற்று முகம் கறுத்தது உண்மை. காரணத்தைப் பின்னர் தேடி வாசித்தபோது கறுத்த முகம் வெளிறிவிட்டது.

வெள்ளை உருண்டைகளில் இருப்பது பெரும்பாலும் நப்தலீன், சிலவற்றில் பரடைகுளோரோபென்சீன். இரண்டும் உருகாமலே நேரடியாக ஆவியாகின்றன. உருண்டை நாளுக்கு நாள் தேய்வதன் பொருள், அது அறையின் காற்றில் கலந்துவிட்டது என்பதே. உடலுக்குள் சென்ற நப்தலீனிலிருந்து உருவாகும் பொருட்கள் செங்குருதிக் கலங்களைத் தாக்குகின்றன. அக்கலங்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்ற நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, அதிலும் கைக்குழந்தைகளுக்கு, கலங்கள் உடைந்து கடும் குருதிச்சோகையும் மஞ்சட்காமாலையும் ஏற்படலாம். காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படும். மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளில் இந்தக் குறைபாடு பரவலாக உண்டு. 2016இல்தான் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்ற இலங்கையும் அவற்றில் ஒன்று. தங்களுக்கு இக்குறைபாடு இருப்பதையே பலர் அறியாமல் இருப்பார்கள். உருண்டைகளோடு வைத்த துணியில் சுற்றப்பட்டதாலேயே குழந்தைகள் இவ்வாறு பாதிக்கப்பட்டமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. இனிப்பு என்று நினைத்து விழுங்கும் பிள்ளைக்கு ஓர் உருண்டையே போதுமான ஆபத்து. சிறுநீர் கருமையாவதும் உடல் வெளிறுவதும் ஓரிரு நாட்கள் கழித்துத்தான் தெரியவரும் என்பதால், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002இல் நப்தலீனை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நப்தலீன் உருண்டைகளின் விற்பனை 2008இல் தடை செய்யப்பட்டது.

பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. எங்கள் சிங்கள அயலவர்கள் இதைக் ‘கப்புரு போல’ என்பார்கள்; அதாவது கற்பூர உருண்டை. சாமிக்குக் கொளுத்துவதுதானே என்று கேட்பவருக்குத் தண்ணீரில் போட்டுக் காட்டலாம்: கற்பூரம் மிதக்கும், நப்தலீன் தாழும். ஆனால் கற்பூரம் மட்டும் நல்லது என்று எண்ணிவிடக்கூடாது. அதைத் தின்ற சிறுபிள்ளைகளுக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும்.

இத்தனைக்கும் அந்த உருண்டைகள் எங்கள் வீட்டில் என்ன வேலை செய்தன என்று இப்போது யோசித்தால், மிகக் குறைவு என்றே சொல்வேன். காற்றுப் புகாத பெட்டிக்குள் ஆவி அடர்த்தியாகத் தேங்கினால்தான் அந்துப்பூச்சியும் அதன் புழுவும் சாகும். கதவு சரியாகச் சாத்தாத எங்கள் அலுமாரியில் ஆவி பூச்சியை விட்டுவிட்டு, இரவு முழுவதும் சாளரங்களை அடைத்துக் குளிரூட்டி போட்டுத் தூங்கிய எங்கள் மூச்சுக்கே வந்தது. அப்போது எனக்கு அடிக்கடி இருந்த காலைத் தலையிடிக்கு இதுதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற மாட்டேன். அது இப்போது வருவதில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மேலும், கடலோரக் கொழும்பில் அந்துப்பூச்சி முதல் எதிரி அன்று. அதன் புழு கம்பளியையும் பட்டையும் உண்ணும். வியர்வையோ உணவுக் கறையோ இல்லாத பருத்தியை நாடாது. எங்கள் பருத்திச் சேலைகளை அரித்தது, விளக்கைப் போட்டதும் வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் இராமபாணப் பூச்சி. கஞ்சியும் பசையும் காகிதமும் அதன் உணவு, ஈரக்காற்று அதன் உயிர்.

இதை உணராததால் முதல் ஆண்டில் தோற்றேன். உருண்டைக்குப் பதில் கராம்பும் காய்ந்த வேப்பிலையும் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். மணம் நன்றாகத்தான் இருந்தது. தென்மேற்குப் பருவமழை முடிந்து பார்த்தபோது கஞ்சி போட்ட சேலை ஒன்றின் கரையும், கலியாணப் பட ஆல்பத்தின் ஓரமும் அரிபட்டிருந்தன. வேப்பிலையைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. தனித்து நின்று காக்கும் வலு அதற்கு இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் ஆண்டில் முறையை மாற்றினேன். துணிகளைத் தோய்த்து, கஞ்சி போடாமல், முற்றாக உலர்த்தி, றப்பர் விளிம்புள்ள மூடியோடு வரும் பிளாஸ்டிக் பெட்டிகளில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கொண்ட பைகளுடன் வைக்கிறேன். நீல மணிகளில் கோபால்ட் குளோரைட் என்ற நச்சுச் சேர்மம் இருப்பதால் தோடம்பழ நிற மணிகளையே தேடி வாங்குகிறேன். நிறம் மாறியதும் அவற்றைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டிகளைத் திறந்து துணிகளை உதறி, மடிப்பு மாற்றி வைக்கிறேன். சலிப்பான வேலைதான். எனினும் இந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு துணியும் அரிபடவில்லை.

கூறைச் சேலைக்கும், நுவரெலியாப் பயணத்துக்கென்று வைத்திருக்கும் கம்பளிச் சட்டைகளுக்கும் ஆண்டுக்கொரு முறை உறைகுளிர்ச் சிகிச்சை உண்டு. பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் மறை 18 (−18) பாகை செல்சியசில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் இறந்துவிடும். வெளியில் எடுத்தபின் பை அறை வெப்பநிலைக்கு வரும்வரை அவிழ்க்கக்கூடாது. அவசரப்பட்டால் பட்டில் நீர் கோத்துவிடும். பாரை மீனுக்குப் பக்கத்தில் கூறைச் சேலையா என்று கணவர் ஆண்டுதோறும் கேட்கிறார். இரட்டைப் பை போட்டால் வாடை ஏறாது.

சுவரில் பூசணி விதை போல ஒட்டிக்கொண்டு நகரும் சாம்பல் நிறக் கூடுகளுக்கு மருந்தே தேவைப்படவில்லை. அதனுள் இருக்கும் புழு பழைய சிலந்தி வலையையும் உதிர்ந்த மயிரையும் தின்று வாழ்வது. வாரமொருமுறை ஒட்டடை அடிக்கத் தொடங்கியபின் அவை அருகிவிட்டன. கரப்பானுக்கு இரவில் குப்பைக் கூடையை வெளியேற்றுவதும், குழாய் துளைத்துச் செல்லும் இடைவெளிகளைச் சிமெந்தால் அடைப்பதும் போதுமாயிருந்தன.

மிஞ்சிய உருண்டைகளை எரிக்கவோ வடிகாலில் போடவோ இல்லை. இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் இட்டு, கழிவு ஏற்றுபவரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுத்தேன். துணிகளின் மணம் தோய்த்து வெயிலில் போட்டதில் சில வாரங்களில் போனது. சாயம் வெளிறும் என்பதால் பட்டை மட்டும் நிழலில் ஆற்றினேன். மரம்தான் விடுவதாயில்லை. நான்கு மாதம் கதவுகளைத் திறந்து வைத்தும், அடைமழை நாட்களில் கீழ் இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய மணம் இன்றும் எழுகிறது. அதில் இப்போது சுத்தியலும் ஆணிகளும் மட்டுமே இருக்கின்றன.