துப்பு கொடுத்தால் புதிர் கெட்டுவிடுமா?

சேர்ந்து புதிர் அவிழ்க்கும் எந்தக் குழுவிலும் ஒருநாள் இந்தச் சண்டை வரும். புதிர் போட்டவரே துப்பும் விடையும் வெளியிட்டுவிட்டால் அப்புறம் நாம் என்னத்தைப் பேசுவது என்பது ஒரு கட்சி. விடையே வராத இடத்தில் புதிதாக வந்தவர் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்பது எதிர்க்கட்சி. இரண்டு தரப்பும் கண்டதைத்தான் சொல்கின்றன. ஆனால் விடையையும் வழியையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவைத்துக்கொண்டு பேசுகின்றன. பொட்டலத்தைப் பிரித்தால்தான் எது கெடுக்கிறது என்று தெரியும்.

ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பை வைத்துப் பார்க்கலாம்:

வரச்சொன்னதை ஒரு வகைக்குள் அடக்கியதால் கிளம்பிய தர்க்கம் (4)

விடை ‘விவாதம்’. வகை என்றால் விதம், வரச்சொன்னது ‘வா’, விதத்துக்குள் ‘வா’ புகுந்தால் வி-வா-தம். கடைசியில் நிற்கும் ‘தர்க்கம்’ நேர்ப்பொருள். இதில் திணறுபவருக்கு இரண்டு விதமாகத் துப்பு கொடுக்கலாம். ‘முதலெழுத்து வி’ என்று சொன்னால், தர்க்கத்தையும் நான்கு கட்டத்தையும் பார்த்ததுமே விவாதம் வந்து விழும். கட்டம் நிரம்பிவிடும், ‘வகை’ அந்த வாக்கியத்தில் எதற்கு வந்தது என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதற்குப் பதிலாக ‘ஒரு சொல்லின் வயிற்றுக்குள் இன்னொன்று இருக்கிறது’ என்று சொன்னால் வேலை இனிமேல்தான் ஆரம்பம். வகைக்கு இனம், ரகம், விதம். வரச்சொல்ல வா, வருக. இவானம், ரவாகம் என்று தட்டுத்தடுமாறி விவாதத்தில் வந்து நிற்பார். அடுத்த வாரம் இதே உத்தியில் இன்னொரு குறிப்பு வந்தால் துப்பு கேட்கவும் மாட்டார்.

எழுத்தைக் கொடுக்கும் துப்பு விடைக்குப் போகிறது, உத்தியைக் கொடுக்கும் துப்பு வழிக்குப் போகிறது. அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவின் தலைமையகத்தில் 1990இல் நிறுவப்பட்ட கிரிப்டாஸ் சிற்பம் இதற்குப் பெரிய சாட்சி. நான்கு பகுதி மறைமொழியில் மூன்றை உடைத்துவிட்டார்கள். 97 எழுத்து கொண்ட நான்காவது மசியவில்லை. சிற்பி ஜிம் சான்பார்ன் 2010இல் ‘பெர்லின்’, 2014இல் ‘கிளாக்’, 2020இல் ‘நார்த்ஈஸ்ட்’, ‘ஈஸ்ட்’ என்று எந்தெந்த இடத்தில் எந்தெந்தச் சொல் வருகிறது என்பதையே சொல்லிவிட்டார். 97இல் 24 எழுத்து கையில் இருந்தும் பூட்டு திறக்கவில்லை. 2025இல் மூலவாசகம் வெளியே வந்ததும் யாரோ மறையை உடைத்ததால் அல்ல, ஆவணக் காப்பகத்தில் இருந்த காகிதங்களிலிருந்து. சிற்பி கொடுத்த இந்தச் சொற்கள் எல்லாமே விடையின் துண்டுகள். ஒன்றுகூட வழியின் துண்டு இல்லை. இனி, புதிர் போட்டவர் நடந்துகொள்ளக்கூடிய விதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாய்திறக்காத ஆசிரியர்

துப்பும் கிடையாது, விடையும் கிடையாது என்பது பார்க்க வீரமாக இருக்கும். சில புதிர்களுக்கு அது பொருந்தவும் செய்கிறது. 1934இல் வெளிவந்த ‘கெயின்ஸ் ஜாபோன்’ 100 பக்கத் துப்பறியும் கதை. பக்கங்கள் வரிசை குலைந்து அச்சானவை. அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் 158 இலக்கம் வரும். விடையை யாரும் பகிரங்கமாக அச்சிடவில்லை. 2019இல் மறுபதிப்பு வந்ததும், எண்பத்தைந்து ஆண்டுப் பழைய புதிர் பலருக்குப் புத்தம்புதிதாகக் கிடைத்தது. விடை எங்கும் கிடைக்காததால் பழையவரும் புதியவரும் ஒரே கோட்டில் நின்றார்கள்.

ஆனால் மௌனத்துக்குள் பிழையும் சேர்ந்தே பதுங்கிக்கொள்ளும். மறுபடியும் கிரிப்டாஸ்: இரண்டாம் பகுதியின் முடிவு ‘ஐடி பை ரோஸ்’ (ID BY ROWS) என்று பொருள் தருவதாகத்தான் பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். வாசகம் சரியாகப் பொருந்துவதுபோலவே இருந்தது. 2006இல் சிற்பியே முன்வந்து, சிற்பத்தில் ஓர் எழுத்து விடுபட்டதால் வந்த குழப்பம் அது, உண்மையில் ‘லேயர் டூ’ (LAYER TWO) என்று முடிய வேண்டும் என்றார். எத்தனை கெட்டிக்காரர்கள் கூடினாலும், தற்செயலாகப் பொருள் தந்துவிட்ட தவறான விடையைக் குழுவால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. போட்டவர் வாயைத் திறந்தால்தான் உண்டு. ஆகவே மௌனம் சாதிக்க ஆசைப்படுபவர், வெளியிடுமுன் புதிரைக் குறைந்தது இரண்டு பேரிடம் கொடுத்து, அவர்கள் முழுதும் அவிழ்ப்பதைப் பார்த்துவிட வேண்டும். அது செய்யாத மௌனம் வெறும் சோம்பல்.

ஆம் அல்லது இல்லை

விடையைச் சொல்லாமல், நீங்கள் கொண்டுவந்தது சரியா தவறா என்று மட்டும் சொல்லும் சரிபார்ப்புக் கட்டம் அடுத்தது. என் கணக்கில் எல்லா வழியிலும் செலவு குறைந்தது, லாபம் கூடியது. குழுவின் பேச்சைத் தொடுவதே இல்லை. தவறான பாதையில் மூன்று நாள் நடப்பதை மட்டும் தடுக்கிறது. ஆனால் அரைகுறையாகச் செய்தால் இதுவே பெரிய தலைவலி.

விடையை இணையப் பக்கத்தின் நிரலுக்குள்ளேயே வைப்பது முதல் தவறு. தினம் ஓர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் இணைய ஆட்டமான வேர்டிலில், தொடக்க காலத்தில் எதிர்காலத்து விடைகள் எல்லாம் வரிசையாகப் பக்க நிரலில் இருந்தன; திறந்து பார்க்கத் தெரிந்தவர் நாளைய விடையை இன்றே பார்க்கலாம். ஷா-256 போல ஒருவழிக் குறியீடாக மாற்றி வைத்தால் போதும் என்று நினைப்பார்கள். விடை ஒற்றைச் சொல் என்றால் போதாது: ஒரு லட்சம் சொல் கொண்ட அகராதியை முழுக்கக் குறியீடாக்கி ஒப்பிட சாதாரணக் கணினிக்குச் சில நொடி வேலை. சர்வரில் வைத்துச் சரிபார்ப்பதுதான் தீர்வு. தவறான முயற்சிக்குப் பின் ஒரு நிமிடக் காத்திருப்பும், தவறுகள் கூடக்கூட நீளும் காத்திருப்பும் வைத்தால் குருட்டாம்போக்கில் தட்டுபவர் ஓய்ந்துவிடுவார்.

தமிழ்ப் புதிருக்கு இதற்கு மேலும் கண்ணி உண்டு. ‘கொ’வில் ககரத்துக்குப் பின் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு. சரியான விடையைத் தட்டிவிட்டு ‘தவறு’ என்று பார்த்தவர் அந்தப் பாதையையே கைவிட்டுவிடுவார். ஒப்பிடுவதற்கு முன் இருபக்கத்தையும் என்எஃப்சி என்ற யூனிகோட் சீராக்க முறைக்கு மாற்றினால் இது சரியாகும். ஆனால் ‘கௌ’வைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுபவர்களை அந்த முறை காப்பாற்றாது, ‘ஸ்ரீ’யின் இரண்டு வடிவங்களையும் அது ஒன்றாக்காது. அவற்றை ஏற்கத்தக்க மாற்று வடிவங்களாகக் கையால்தான் சேர்க்க வேண்டும். எழுத்து எண்ணிக்கையையும் கணினியிடம் அப்படியே விடக்கூடாது. நான்கு எழுத்து ‘விவாதம்’ அதற்கு ஏழு குறி.

நீண்ட புதிர்களுக்கு வெறும் ஆம்-இல்லை போதாமல் போகும். இடையில் வரும் சொற்றொடரைத் தட்டினால் ‘பாதி வழி சரி, மேலே போங்கள்’ என்று சொல்ல வைக்கலாம். இதுவும் துப்புதான், ஆனால் அங்கு வந்து சேர்ந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் துப்பு.

படிப்படியான துப்பு

குழுவை அதிகம் கெடுத்ததும் அதிகம் வாழவைத்ததும் இதுதான். எல்லாம் எழுதும் விதத்தில் இருக்கிறது.

பொதுவாக நான்கு படி போதும். எங்கே தொடங்குவது, என்ன உத்தி, நிரப்பிய அட்டவணையிலிருந்து விடையை எப்படி எடுப்பது, கடைசியாக விடைக்கு அருகில். பலரும் செய்யும் பிழை, இவற்றை 1, 2, 3, 4 என்று எண்ணிட்டுப் பூட்டுவது. அட்டவணையை முழுக்க நிரப்பிவிட்டு விடையை எடுக்கும் படியில் மாட்டியவர், தனக்குத் தெரிந்த முதல் இரண்டையும் திறந்து வீணாக்க வேண்டியிருக்கும். தலைப்பில் எண்ணுக்குப் பதிலாக நிலைமையை எழுதினால் தீர்ந்தது: ‘தொடங்கவே தெரியவில்லை’, ‘அட்டவணை நிரம்பிவிட்டது, அடுத்து என்ன?’ ஆனால் அந்தத் தலைப்பே ரகசியத்தை உடைத்துவிடாமல் பார்க்க வேண்டும். வெறும் புள்ளிகளாகத் தெரியும் ஒரு புதிருக்கு ‘நட்சத்திரங்களைப் பெயரிட்டுவிட்டேன்’ என்று தலைப்பு வைத்தால் புள்ளிகள் நட்சத்திரம் என்பது அங்கேயே போச்சு.

துப்பு கேட்டவரிடம் மட்டும் போக வேண்டும், பொதுவில் கொட்டக்கூடாது. ‘துப்பால் கெட்டது’ என்று சொல்லப்படும் பெரும்பாலான சம்பவங்களில் துப்பில் பழுது இல்லை. அது வேண்டாதவர் கண்ணில் விழுந்ததுதான் பழுது. ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில் துப்பை ரோட்13 முறையில், ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளி, எழுதிவைப்பார்கள். யாரும் சில நிமிடத்தில் படித்துவிடலாம். ஆனாலும் படிக்க முடிவெடுக்க வேண்டும். தேவைப்படுவது அந்த ஒரு சின்னத் தடைதான்.

ஆள் உட்கார்ந்து பதில் சொல்லும் துப்பு இதைவிட மேல். ‘இதுவரை என்ன செய்தீர்கள்?’ என்று எழுதச் சொல்லிவிட்டுத்தான் பதில் தர வேண்டும். எழுதும்போதே பாதிப் பேருக்கு வழி பிடிபட்டுவிடும், கேள்வியை அனுப்பவே மாட்டார்கள். இதற்கு விலை ஆசிரியரின் தூக்கம். இரண்டு பேர் முறை வைத்துப் பதில் சொன்னால், யாருக்கு என்ன சொன்னோம் என்ற பதிவேடு வேண்டும். இல்லாவிட்டால் ஓர் அணிக்கு உத்தியும் மற்றோர் அணிக்கு வெறும் ஊக்கமும் போய், புகார் வரும்.

ஒன்றை மட்டும் துப்போடு கலக்கவே கூடாது: பிழைதிருத்தம். கட்டத்தில் ஓர் எண் தவறு என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், கேட்காமலே சொல்ல வேண்டும். அதைத் துப்பாக ஒளித்துவைத்தால், துப்பு எடுக்காமல் போராடிய நேர்மையான ஆள்தான் தண்டனை அனுபவிப்பார்.

போட்டிகளில் துப்பு இல்லாமல் தப்பிக்கவும் முடியாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அணிகள் மோதும் புதிர்ப் போட்டியான மிஸ்டரி ஹன்ட் 1981இல் ஒரே தாளில் பன்னிரண்டு துணைக்குறிப்புகளோடு தொடங்கியது. 2013இல் புதிர்கள் பெருத்து மூன்று நாளைத் தாண்டி ஓடியது. ஆட்டம் ஒரு நேரத்தில் முடிந்தாக வேண்டும் என்றால் யாராவது கயிற்றைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும்.

கெடுவுக்குப் பின் முழு விளக்கம்

பரிசுப் புதிர்களில் இது பழைய வழக்கம்: விடை அனுப்பும் தேதி முடியும், பிறகு விடை வரும். சண்டை பெரும்பாலும் இதைச் சுற்றித்தான், ஆனால் பிரச்சினை என்னவோ சின்னது. வெறும் விடைக்கட்டத்தை அச்சிடுவதால் பயன் மிகக் குறைவு. விவாதம் என்று போட்டுவிட்டு ‘வி(வா)தம்’ என்று பிரித்துக் காட்டாவிட்டால் திணறியவர் திணறியபடியே இருப்பார். விளக்கத்தை ஆசிரியர் முந்திக்கொண்டு எழுதினாலும் குழு அடங்கிவிடும். ‘வகைக்கு ரகம் என்று போட்டுப் பார்த்தேன்’ என்று எழுத வந்தவர், அதிகாரபூர்வ உரை வந்த பிறகு எதற்கு என்று அழித்துவிட்டுப் போவார். இழப்பு அதுதான். அவிழ்த்தவர்கள் எழுதி முடிக்க இரண்டு நாள் இடைவெளி விட்டால் இதில் முக்கால்வாசி சரியாகிவிடும்.

உள்ளே வந்தவருக்கு மட்டும்

பிராஜெக்ட் ஆய்லர் கணக்குத் தளம் செய்வது இது: சரியான விடையைத் தட்டினால்தான் அந்தக் கணக்கைப் பற்றிய பேச்சு அறை திறக்கும். உள்ளே எல்லாம் வெளிப்படை. வெளியே எதுவும் கசியாது. முதல் நூறு கணக்குகளுக்கு மட்டும், முறையைக் கற்பிக்கும் நோக்கத்தில் வெளியிலும் விளக்கலாம் என்று விதி. கற்றுக்கொள்ள ஒரு படிக்கட்டு, மேலே போனால் மூடிய கதவு. நிரல் எழுதி அவிழ்க்கும் புதிர்களைப் போடும் அட்வென்ட் ஆஃப் கோட் தளம் வேறு தந்திரம் செய்கிறது: போட்டியாளர்களுக்கு வெவ்வேறு உள்ளீடு. என் விடை உங்களுக்கு உதவாது. ஆகவே வழியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வேர்டில் ஆடி முடித்தவர் பகிரும் பச்சை, மஞ்சள் சதுரங்களும் இதே குணம் கொண்டவைதான்: எப்படித் தடுமாறி வந்தேன் என்று காட்டும், எங்கே வந்தேன் என்று காட்டாது.

குறை ஒன்று உண்டு. அவிழ்க்க முடியாதவர் நிரந்தரமாக வாசலில் நிற்கிறார். பேச்சு அறையைத் திறக்க விடை வேண்டும், விடை வர அந்தப் பேச்சு வேண்டும். துப்பு இல்லாமல் கதவு மட்டும் வைத்தால் குழு பழையவர்களின் சங்கமாகச் சுருங்கிவிடும்.

எதை எடுப்பது

வாரம் ஒரு புதிர் போடும் சிறு குழுவுக்கு என் பரிந்துரை: முதல் நாளே புதிரோடு சரிபார்ப்புக் கட்டம். மூன்றாம் நாள் உத்தியை மட்டும் சொல்லும் துப்பு, திறந்தால் தெரியும்படி. எழுத்துத் துப்பு கடைசிப் படியில் மட்டும். ஆறாம் நாளிலிருந்து அவிழ்த்தவர்கள் விளக்கம் எழுதலாம். எட்டாம் நாள் ஆசிரியர் விளக்கம். பரிசு உள்ள புதிர் என்றால் சரிபார்ப்பையும் துப்பையும் விளக்கத்தையும் கெடு முடியும்வரை நிறுத்திவிடுங்கள். பரிசுக்கும் இதற்கும் ஒத்துவராது. ஒரே பெரிய மர்மத்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர் மௌனமாக இருக்கலாம், ஆனால் பிழைதிருத்தத்துக்கு மட்டும் வாய் திறக்கும் மௌனமாக இருக்க வேண்டும்.

எட்டாம் நாள் எழுதும்போது ஆசிரியர் குழுவின் விளக்கங்களைப் படித்துவிட்டு எழுதுவது நல்லது. ‘நான் நினைத்த வழி இது, மூன்றாவதாக எழுதியவர் சொன்ன வழியும் பொருந்துகிறது’ என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்த வாரம் ஆறாம் நாளில் எழுத ஆள் இருப்பார்கள்.