மறுகால் இல்லாத பச்சையாற்று வரைபடம்

பச்சையாற்றின் போக்கையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காட்டும் சுவர் வரைபடம் ஒன்றைப் பாளையங்கோட்டைப் புத்தகக் கடை ஒன்றில் 300 ரூபாய்க்கு வாங்கி, நான்கு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். தாமிரபரணியில் போய்ச் சேரும் சிறிய ஆறு ஒன்றுக்கென்றே தனித்தாள் அச்சிட்டிருப்பதைக் கண்டதும், அந்தத் தண்ணீரில் வாழை வைத்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

அளவுகோல் 1:50,000; தரையில் ஒரு கிலோமீட்டர், தாளில் 2 செ.மீ. களக்காட்டு மலையில் பிறந்து, தருவைக்கு அருகே தாமிரபரணியில் கலக்கும்வரை ஏறத்தாழ 32 கி.மீ. ஓடும் ஆறு, நூல் வைத்து அளந்தால் 64 செ.மீ. வருகிறது. தாள் நல்ல தடிமன்.

மலைப்பகுதியை வரைந்த கையைப் பாராட்டத்தான் வேண்டும். ஓடையோடு ஓடை சேரும் இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நீர் பிரியும் முகடு சிவப்புக் கோடாக ஓடுகிறது. அந்த முகட்டுக்கு இப்பால் விழும் மழை பச்சையாற்றில் இறங்கித் தாமிரபரணி வழியாகப் புன்னைக்காயலில் கடலுக்குப் போக, அப்பால் திருக்குறுங்குடிப் பக்கம் விழும் மழை நம்பியாறாகித் தாமிரபரணியைத் தொடாமலே கடலை அடைகிறது என்பதை, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் விரலை ஓட்டிப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

குறை, ஆறு மலையை விட்டு இறங்கிய பிறகு தொடங்குகிறது. மலையில் தண்ணீரின் வழியைச் சரிவு தீர்மானிக்கிறது. கீழே அணைக்கட்டும், கால் என்று நாங்கள் சொல்லும் வாய்க்காலும், குளத்து மடையும் தீர்மானிக்கின்றன. களக்காட்டு ஊருக்குள் ஓடும் நாங்குநேரியான் கால், மலைத்தண்ணீரை நாங்குநேரிப் பக்கம் கொண்டுபோகிறது. ஒரு குளம் பெருகினால், மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழியான மறுகாலில் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்பும். இந்த வரைபடத்திலோ சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக மட்டுமே போடப்பட்டிருப்பதால், சமவெளியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே பல குளங்கள் அகப்பட்டுக்கொண்டு, எது எதற்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று சொல்லாத நீலத் திட்டுகளாகக் கிடக்கின்றன.

எங்கள் குளத்துக்கரையில் நான்கு மூலைக்கும் கல் வைத்து இதை விரித்தபோது, நாற்பது ஆண்டு மடை திறந்த பெரியவர் ஒருவர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, குளத்தைப் போட்டிருக்காவ, மறுகால எங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் எங்கள் குளத்து மறுகால் ஓடையை மறித்து எழுந்திருந்த ஒரு சுற்றுச்சுவரில் முட்டித்தான் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. மனை வாங்குகிறவர் பார்க்கக்கூடிய ஒரு தாளில் அந்த ஓடை இருந்திருந்தால், அங்கே சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கவே மாட்டார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கும் மலையின் நீர்வழியை அறிய விரும்புவோருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இதை மட்டும் நம்பி மனை பார்க்கவோ கால் வெட்டவோ வேண்டாம். வெளியிட்டவர்களுக்கு மறுகால்களைச் சேர்க்கும்படி எழுதியிருக்கிறேன். அதுவரை, பெரியவர் கரையில் நடந்து காட்டக்காட்ட, என் தாளில் பென்சிலால் வரைந்து வருகிறேன். இதுவரை ஏழு குளங்கள் ஆகியிருக்கின்றன.